ஈரத் துடைப்பம்

காற்றாலைக் கோபுரத்திலிருந்து இறங்கி முடித்தபோது முழங்கால் இரண்டும் யாரோ இரவல் கொடுத்தவை போல ஆடின. வால்வுக்காரன் அடிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு எட்டு வைத்தால் விழுந்துவிடுவோம் என்று தெரிந்தது. பெல்ட் அறுத்த தோள்பட்டை எரிந்தது. உள்ளங்கைகளில் ஏணிக்கம்பியின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. நாற்பது வயது தாண்டி ஏணி ஏறக் கற்றுக்கொள்கிறவனுக்கு உடம்பு செய்கிற மரியாதை.

வாழ்நாள் முழுக்கத் தரையில் வேலை பார்த்தவன் அவன். குழாய், வால்வு, அழுத்தம் காட்டும் முள். இதற்கு முன்பு இரண்டு ஆலைகளில் இதே வேலை. காற்றாலைத் தளத்துக்கு வந்தபிறகும் இதே வேலைதான், அதனால் பெயரே வால்வுக்காரன் என்று ஆகிவிட்டது. கோபுரத்தின் உச்சிக்கு ஏறிச் சிவப்பு எச்சரிக்கை விளக்கை மாற்றுவதும் துடைப்பதும் அவன் மச்சினனின் வேலை. மனைவிக்கு ஒரே தம்பி. மச்சினனின் வலதுகை வெந்து முடங்கியபிறகு, அந்த ஏணியை நான் ஏறுகிறேன் என்று இவனாகவே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டான்.

தளத்தில் எல்லாரும் மெச்சினார்கள். அக்கா புருஷன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று சாப்பாட்டு அறையில் அவன் காதுபடவே பேசினார்கள். தட்டிலிருந்து நிமிராமல் அவன் சாப்பிட்டு முடித்தான். மெச்சுகிற வாயை மூடச் சொல்ல அவனுக்கு வழி இல்லை.

தளம் ஒரு நீண்ட குன்றின் முதுகில் இருந்தது. கோபுரங்கள் வரிசையாக நின்றன. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆளை ஏற்றிப் போகிற ஹெலிகாப்டர் அந்தக் குன்றின் மேலேதான் பறக்கும். அதனால் இருட்டத் தொடங்குமுன் உச்சி விளக்குகள் எரிந்தாக வேண்டும். இறக்கை சுற்றாவிட்டாலும் பரவாயில்லை, விளக்கு அணையக்கூடாது. இது தளத்தின் முதல் சட்டம்.

காற்று செத்துப்போகிற நாட்களுக்கென்றே கீழே ஒரு கிடங்கு இருந்தது. காற்று பலமாக வீசும்போது மிஞ்சுகிற மின்சாரத்தை வைத்துத் தண்ணீரைப் பிரித்து, வருகிற ஹைட்ரஜனை அழுத்திப் பெரிய உருளைகளில் அடைத்துவைப்பார்கள். காற்று நின்றால், அந்த ஹைட்ரஜனைத் தின்று மின்சாரத்தைக் கக்குகிற ஒரு பெட்டி ஓடும். விளக்குகளும் அலுவலகமும் அதில் பிழைத்துக்கொள்ளும். உருளைகளுக்கும் பெட்டிக்கும் இடையில் இருந்த வால்வுகள் எல்லாம் வால்வுக்காரனின் பொறுப்பு.

ஹைட்ரஜனிடம் ஒரு குணம் உண்டு. அது பற்றி எரிந்தால் பட்டப்பகலில் கண்ணுக்குத் தெரியாது. புகை கிடையாது, நிறம் கிடையாது, பக்கத்தில் போகும்வரை சூடுகூடத் தெரியாது. ஒரு இணைப்பில் பொட்டுக் கசிவு இருந்து, எங்கோ ஒரு பொறி பட்டுவிட்டால், ஆள் நீளத்துக்கு நெருப்பு நிற்கும். நீங்கள் அதற்குள் நடந்துபோய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும். திறந்த வெளியில் கசிவைக் கண்டுபிடிக்கிற கருவிகளும் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கருவி கூவுவதற்குள் வாயு மேலே பறந்துவிடும்.

அதனால் வெப்பத்தைப் படம் பிடிக்கிற கேமரா ஒன்று இருந்தது. குழாய்ப் பக்கம் போகுமுன் அதில் பார்த்துவிட்டுப் போக வேண்டும். கேமரா இல்லாதபோது துடைப்பம். நீளக் கம்பில் கட்டிய காய்ந்த புல் துடைப்பம். அதை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, இடமும் வலமும் மெல்ல அசைத்தபடி நடப்பார்கள். நெருப்பு இருந்தால் முதலில் புல் பற்றிக்கொள்ளும். ஆள் பின்வாங்கலாம். இதுவும் எழுதப்பட்ட விதிதான். பாதுகாப்பு என்ஜினியர் தானே எழுதி, கருவி அறைக் கதவில் ஒட்டியிருந்தாள்.

துடைப்பத்துக்கு மாமியார் என்று பெயர் வைத்தவன் வால்வுக்காரன்தான். நெருப்பைக் கண்டால் முதலில் தான்தான் எரிந்து விழுவாள், அதனால் அவளை முன்னால் விட்டு நாம் பின்னால் போக வேண்டும் என்று விளக்கமும் கொடுத்தான். எல்லாரும் சிரித்தபோது மச்சினன் மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான்.

"மாமா, உங்க மாமியார் எனக்கு அம்மா. ஞாபகம் இருக்கட்டும்."

"அதனாலதான் மாப்ள, உன்கிட்ட மட்டும் பத்திரமா குடுக்கிறேன்."

அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. புதிதாக வந்தவர்கள்கூட, மாமியார் எங்கே என்று கேட்டு வாங்கிப் போனார்கள்.

மாமியார் கருவி அறைக்குள் தனி ஆணியில் தொங்கினாள். தரையைத் தொடக்கூடாது, தண்ணீர் படக்கூடாது. ஒருமுறை கூட்டுகிற அம்மா விவரம் தெரியாமல் அதை எடுத்து வாசல் கூட்டப் போனாள். வால்வுக்காரன் ஓடிவந்து அவள் கையிலிருந்து பிடுங்கினான். உயிர் காக்கிற சாமானை எடுத்துக் குப்பை தள்ளுகிறாயே, உனக்கு அறிவு இருக்கிறதா, உன்னால் ஒருத்தன் வெந்து சாகவேண்டுமா என்று பத்துப்பேர் முன்னால் கத்தினான். வயதில் மூத்த பொம்பளை. வெறுங்கையோடு திரும்பிப் போனாள்.

விபத்து நடந்த நாளில் விடிகாலை தொடங்கி மழை. இடி விழுந்து ஊர்ப்பக்கமிருந்து வருகிற மின்கம்பி அறுந்தது. மழை விட்டதும் காற்றும் அடங்கிவிட்டது. இறக்கைகள் எல்லாம் கை கட்டி நின்றன. கருவி அறை வாசலில் தண்ணீர் குளம் கட்டி உள்ளே வரப் பார்த்தது. தண்ணீர் தள்ளுகிற ரப்பர் கட்டையின் பிடி முந்தின நாளே உடைந்திருந்தது. வால்வுக்காரன் சுற்றுமுற்றும் பார்த்தான். ஒரு நிமிஷ வேலை. ஆணியிலிருந்து துடைப்பத்தை எடுத்து, தண்ணீரைக் கால்வாய்ப் பக்கம் தள்ளினான். இரண்டு தரம் உதறினான். மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு, மீட்டர் பார்க்கப் போய்விட்டான். யாரும் பார்க்கவில்லை. யாராவது பார்த்துவிட்டால் சிரிப்பார்கள் என்பதற்காக அவசரப்பட்டானே தவிர, வேறு நினைப்பு அப்போது இல்லை.

மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கன்ட்ரோல் ரூமிலிருந்து கூப்பிட்டார்கள். விளக்குகளின் பேட்டரி இறங்கிக்கொண்டே போகிறது, பெட்டியை ஓட்ட வேண்டும், முதல் வரிசை உருளைகளில் அழுத்தம் போதவில்லை, இரண்டாம் வரிசையின் கைவால்வைத் திறந்துவிட வேண்டும். வேலை வால்வுக்காரனுடையது. அவன் கையில் சோறு இருந்தது. மச்சினன் அப்போதுதான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவியிருந்தான்.

"நீங்க சாப்பிடுங்க மாமா. ஒரு வால்வுதானே, நான் திறந்துட்டு வர்றேன்."

"கேமரா அடுத்த தளத்துக்குப் போயிருக்கு."

"மாமியார் இருக்காங்கல்ல."

மச்சினன் சிரித்துக்கொண்டே போனான்.

அவன் கதவைத் தாண்டியபோது வால்வுக்காரனுக்கு ஞாபகம் வந்தது. துடைப்பம் ஈரம். வாயில் கவளம் இருந்தது. அதை மென்று விழுங்க ஆகிற நேரம் யோசித்தான். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. காய்ந்திருக்கும் என்று நினைத்தான். கூப்பிட்டு நிறுத்தினால், எப்படி நனைந்தது என்று கேட்பான், அன்றைக்குக் கூட்டுகிற அம்மாவைத் திட்டிய திட்டு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது, சாப்பாட்டு அறையே சிரிக்கும். காய்ந்திருக்கும் என்று மறுபடியும் நினைத்தான். அடுத்த கவளத்தை எடுத்தான்.

வெயில் வெளியே அடித்தது. துடைப்பம் உள்ளே, நிழலில், மூடிய அறையில் தொங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு எல்லாரும் ஓடினார்கள். மச்சினன் கிடங்கின் நடுவே மண்டிபோட்டு, முகத்தை முழங்கையால் மூடிக்கொண்டிருந்தான். சின்ன வால்வு கையுறையோடு திருப்ப வராது என்பதால் வலதுகை உறையை முன்னமே கழற்றி இடுப்பில் செருகியிருந்தான். அந்தக் கையின் தோல் தொங்கியது. யாரோ கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லித் தூரத்திலிருந்தே பிரதான வால்வை அடைத்தார்கள். கீழே போட்ட துடைப்பம், அடைப்பதற்குள் நெருப்பின் வழியில் கிடந்து, நன்றாகக் காய்ந்து, பிறகு பற்றி, கம்பின் நுனிவரை சாம்பலாகியிருந்தது. ஈரத்துக்கு அத்தாட்சி எதுவும் மிஞ்சவில்லை. அதைப் பார்த்தபோது வால்வுக்காரனின் நெஞ்சில் முதலில் வந்தது நிம்மதி. மச்சினனைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதுதான் அந்த நிம்மதி எதற்கு வந்தது என்று அவனுக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியில் மச்சினன் கட்டுப்போட்ட முகத்தோடு சொன்ன முதல் பேச்சே துடைப்பத்தைப் பற்றித்தான்.

"நீட்டிப் புடிச்சுக்கிட்டுத்தான் மாமா போனேன். அது பத்திக்கலை. லேசா ஆவி மாதிரி வந்துச்சு, தூசின்னு நினைச்சேன். அடுத்த எட்டு வெச்சேன். சூடான காத்து அடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் பார்த்தா கை."

வால்வுக்காரன் போர்வையைச் சரிசெய்தான். பேசாதே, வலிக்கும் என்றான்.

பாதுகாப்பு என்ஜினியர் கெட்டவள் இல்லை. இளவயதுக்காரி. தானே வந்து கிடங்கின் மூலைமுடுக்கெல்லாம் தவழ்ந்து பார்த்தாள். எந்த இணைப்பில் கசிந்தது என்று கண்டுபிடித்து, அந்த மாதிரி இணைப்புகள் அத்தனையையும் மாற்ற உத்தரவு போட்டாள். அடுத்த தளத்துக்குக் கேமராவை அனுப்பியது தன் தப்பு என்று தன் பெயரைப் போட்டே எழுதினாள். ஆனால் துடைப்பக் கணக்கு மட்டும் அவளுக்கு இடித்தது. அதே புல்லில் கட்டிய வேறொரு துடைப்பத்தைக் கொண்டுவந்து, சோதனைக்கென்று போட்ட ஒரு குழாயில் ஹைட்ரஜனைப் பற்றவைத்து நீட்டினாள். புல் தொட்ட கணமே பற்றியது. மறுபடி நீட்டினாள். மறுபடியும் அப்படித்தான்.

அவள் முடிவுக்கு வந்தாள். பையன் அவசரத்தில் துடைப்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டோ பக்கவாட்டில் பிடித்துக்கொண்டோ போயிருக்கிறான். விதி மீறல். விதியை மீறி அடிபட்டவனைத் தளத்தில் மறுபடி சேர்ப்பதில்லை, வேறு எந்தத் தளத்திலும் கூட. அது இரண்டாம் சட்டம்.

மச்சினன் வீட்டுக்கு வந்தபோது புண் ஆறத் தொடங்கியிருந்தது. முகத்தில் ஒரு பக்கம் பளபளவென்று சிவந்திருந்தது. வலதுகையில் இரண்டு விரல் மடங்கவில்லை. அக்கா வீட்டிலேயே தங்கினான், வெளி அறையில். சாப்பிடும்போது ஒருநாள் கரண்டியை இடது கையில் பிடித்தபடி திடீரென்று கேட்டான்.

"மாமா, நான் நிஜமாவே நீட்டிப் புடிச்சேனா?"

வால்வுக்காரன் தண்ணீர் குடித்தான்.

"புடிச்சேன்னுதான் ஞாபகம். ஆனா மேடம் பத்த வெச்சுக் காட்டினாங்களாமே. அப்ப நான் சரியா புடிக்கலையோ. போய் வர்ற அவசரத்துல, மறந்துட்டேனோ. ஆவி வந்ததுகூட நானா கற்பனை பண்ணிக்கிட்டேனோ என்னவோ."

கை முடங்கியதைப் பற்றி அவன் அழவில்லை. இதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. ஏணியில் ஒரு கொக்கியைக்கூட மாட்டாமல் அடுத்த படி வைக்காதவன் அவன். தளத்தில் எல்லாரையும் விடக் கவனமானவன் என்று பெயர் எடுத்தவன். அந்தப் பெயரைத்தான் இப்போது அவனே தின்றுகொண்டிருந்தான்.

அவன் தூங்கப் போனபிறகு மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேசினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னங்க. நீங்க அங்கதானே இருந்தீங்க."

"சாப்பிட்டுட்டு இருந்தேன்."

"அவன் துடைப்பத்தை எடுத்துட்டுப் போறதையாவது பார்த்திருப்பீங்க. போய்ச் சொல்லுங்க. அவன் பொய் சொல்றவன் இல்ல. வேலை போனாக்கூடப் போகட்டும், அவன் மேல தப்பு இல்லைன்னு எழுதச் சொல்லுங்க. இல்லைன்னா இவன் இப்படியே உள்ளுக்குள்ளயே அரிச்சுப் போயிடுவான்."

"பார்க்கிறேன்."

"பார்க்க என்ன இருக்கு? உங்க வேலைக்குத்தானே அவன் போனான்."

அவள் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. பாத்திரத்தின் அடிக்கரியைச் சுரண்டிக்கொண்டு சாதாரணமாகத்தான் சொன்னாள். அவனுக்குத்தான் அது எலும்பில் போய் நின்றது.

மறுநாள் அவன் என்ஜினியரின் அறைக்குப் போனான். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சரியான வரிசையில் அடுக்கினான். மழை, தண்ணீர், உடைந்த ரப்பர் கட்டை, துடைப்பம், மதியச் சாப்பாடு. எல்லாம் நிஜம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, என்னை வெளியே அனுப்புங்கள், அவனை உள்ளே விடுங்கள் என்று முடிக்க வேண்டும். அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுகூட அந்த வரிசை கலையவில்லை.

உள்ளே போய் உட்கார்ந்ததும் என்ஜினியர் பேனாவை எடுத்தாள். அவ்வளவுதான். வரிசை கலைந்தது.

"மேடம், துடைப்பம் நனைஞ்சிருந்தா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்குக் காலையில செம மழை மேடம். கருவி அறை ஜன்னல் திறந்து கிடந்துச்சுன்னு நினைக்கிறேன். துடைப்பம் ஜன்னலுக்கு நேராத்தான் தொங்கும். சாரல் அடிச்சு நனைஞ்சிருக்கலாம். பையன் ஆவி வந்துச்சுன்னு சொல்றான். காஞ்ச புல்லுல ஏது மேடம் ஆவி?"

தன் வாயிலிருந்து அது வந்த வேகத்தைப் பார்த்து அவனுக்கே திகைப்பாக இருந்தது. இவ்வளவு சுத்தமான பொய்யை அவன் யோசித்துவைக்கவில்லை. நாக்கே தயார்செய்துவைத்திருந்தது போலிருந்தது.

அவள் உடனே எழுந்தாள். புதுத் துடைப்பத்தைத் தண்ணீரில் முக்கி, உதறி, காலையிலிருந்து மதியம்வரை நிழலில் தொங்கவிட்டு, பிறகு அதே சோதனைக் குழாயின் நெருப்பில் நீட்டினாள். புல் பற்றவில்லை. மெல்லிய ஆவி எழுந்தது. உற்றுப் பார்க்காவிட்டால் தூசி என்றுதான் நினைக்கத் தோன்றும். ஒரு ஆள் ஒன்றிரண்டு எட்டு வைக்கிற நேரம் ஆனபிறகே நுனி கருகத் தொடங்கியது. என்ஜினியர் துடைப்பத்தைத் தாழ்த்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அந்தப் பையன் உண்மையைத்தான் சொல்லியிருக்கான். நான்தான் நம்பலை" என்றாள். பிறகு வால்வுக்காரனின் பக்கம் திரும்பினாள். "நீங்க யோசிச்சுச் சொன்னதுக்கு நன்றி."

அவன் தலையை ஆட்டினான்.

எல்லாம் சரசரவென்று மாறியது. மச்சினன் விதிப்படி துடைப்பத்தை முன்னால் நீட்டிப் பிடித்தே போனான் என்று எழுதினார்கள். அவனை மறுபடி வேலையில் சேர்த்து, ஏணி ஏற முடியாது என்பதால் கன்ட்ரோல் ரூமில் விளக்குகளைக் கண்காணிக்கிற நாற்காலியைக் கொடுத்தார்கள். துடைப்பம் இனிமேல் மூடிபோட்ட தகரக் குழாய்க்குள்தான் இருக்க வேண்டும், தொட்டுப் பார்த்துக் காய்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகே எடுக்க வேண்டும் என்று புது விதி வந்தது. கேமரா இன்னொன்றும் வாங்கினார்கள்.

பொய் என்றால் அது எங்காவது போய் உட்கார வேண்டுமே. ஜன்னலைச் சாத்த வேண்டிய ஆள் யார் என்று பார்த்தார்கள். கூட்டுகிற அம்மாவுக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். இன்னொருமுறை நடந்தால் வேலை இல்லை.

அவள் அவனைத் தேடிக்கொண்டு கிடங்குக்கு வந்தாள். தகராறு செய்ய வரவில்லை. வேறு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் வந்திருந்தாள்.

"ஜன்னலை நான் சாத்திட்டுத்தான் தம்பி போனேன். அந்தக் கொக்கி துருப்பிடிச்சுக் கிடந்ததுன்னு எண்ணெய் போட்டதே நான்தான். மழை வரும்னு தெரிஞ்சு முந்தின நாள் சாயங்காலமே சாத்தினேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"விடுங்கம்மா. காத்துல திறந்திருக்கும்."

"சாத்தின ஜன்னல் எப்படித் தம்பி திறக்கும்?" அவள் போகத் திரும்பி, மறுபடி இவன் பக்கம் வந்தாள். "இல்ல, நான்தான் சரியா மாட்டலையோ என்னவோ. வயசாச்சு. அன்னிக்கு நீங்க சொன்னீங்களே, உன்னால ஒருத்தன் வெந்து சாகணுமான்னு. பாருங்க, அப்படியே ஆகப் பார்த்துச்சு. அந்தப் பையன் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசுது."

வால்வுக்காரன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். மறுபடி எடுத்தான். அவள் போய்விட்டாள். மச்சினன் வீட்டில் கேட்ட அதே கேள்வியை, கிட்டத்தட்ட அதே குரலில், இவளும் கேட்டுவிட்டுப் போகிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது. ஒருவன் தலையிலிருந்து இறக்கியதை இன்னொருத்தி தலையில் ஏற்றியிருக்கிறான். சுமை இறங்கவே இல்லை.

அடுத்த வாரம்தான் அவன் ஏணி வேலையைக் கேட்டு வாங்கினான். தண்டனை என்று யாரும் கொடுக்காததால் தானே எடுத்துக்கொண்டான் என்று வைத்துக்கொள்ளலாம். கோபுரத்துக்குள் இருந்த சின்ன லிஃப்ட் பாதி நாள் ஓடாது. ஓடினாலும் கடைசித் தூரம் ஏணிதான். உச்சிக் கூண்டின் மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டினால் காற்று மூச்சை அடைக்கும். ஒவ்வொரு படியிலும் பயந்தான். பயப்படுவது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் அந்த நிம்மதி தரைக்கு வந்ததும் போய்விடும். முழங்கால் வலி மட்டும் கூடவே வீட்டுக்கு வரும்.

இன்றைக்கும் அப்படித்தான் வந்தது. கால்களை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, வாசற்படியில் உட்கார்ந்தான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தெருவின் கடைசியில், வீடுகளின் தலைக்கு மேல் குன்று தெரிந்தது. மச்சினன் வேலை முடிந்து முன்னமே வந்திருந்தான். உள்ளே போய் வலித் தைலப் புட்டியை எடுத்துவந்து, பக்கத்தில் குந்தினான்.

"காலை நீட்டுங்க மாமா."

"வேணாம் மாப்ள. உங்கக்கா தேய்ப்பா."

"அக்கா தேய்ச்சா தோல்தான் உரியும். அவ பாத்திரம் தேய்க்கிறதைப் பார்த்திருக்கீங்கல்ல. நீட்டுங்க."

உள்ளேயிருந்து மனைவி, எனக்குக் காது கேட்கும் என்றாள். மச்சினன் சிரித்தான். சிரிக்கும்போது முகத்தின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. தைலத்தை வலது உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டான். மடங்காத இரண்டு விரலும் நீட்டிக்கொண்டிருக்க, மற்ற விரல்களாலும் உள்ளங்கையாலும் முழங்காலைச் சுற்றி அழுத்தித் தேய்த்தான். வெந்து ஆறிய தோல் சொரசொரப்பாக இருந்தது.

"இந்தக் கை இனிமே எதுக்கும் ஆகாதுன்னு நினைச்சேன். தைலம் தேய்க்கவாவது ஆகுது."

வால்வுக்காரன் குன்றைப் பார்த்தான்.

"ஒண்ணு சொல்லணும் மாமா. வேலை குடுத்ததுகூட எனக்குப் பெரிசில்ல. நான் துடைப்பத்தை முன்னால நீட்டிப் புடிச்சுத்தான் போனேன்னு எழுதியிருக்காங்க பாருங்க, அது போதும். நடுவுல எனக்கே என் மேல நம்பிக்கை போயிடுச்சு. பைத்தியம் புடிக்கிற மாதிரி இருந்துச்சு. நீங்க மட்டும் அந்த ஈரத்தை யோசிக்கலைன்னா நான் சாகுறவரைக்கும் அப்படியேதான் இருந்திருப்பேன்."

"மாப்ள."

"என்ன மாமா?"

அவன் வாயைத் திறந்தான். சாப்பாட்டு அறையில் ஒரு கவளத்தை மென்று விழுங்க ஆன நேரம் எவ்வளவோ, அவ்வளவு நேரம் திறந்தே வைத்திருந்தான்.

"கொஞ்சம் மெதுவா தேய். வலிக்குது."

மச்சினன் அழுத்தத்தைக் குறைத்தான். குன்றின் மேல் முதல் சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. காலையில் வால்வுக்காரன் மாற்றியதும் எரிந்தது.

"அது பளிச்சுன்னு இருக்கு மாமா, நீங்க மாத்தினது" என்றான் மச்சினன், இன்னொரு முழங்காலுக்குத் தைலத்தை ஊற்றிக்கொண்டே.

ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. துடைப்பத்தை நனைத்தது நான். நனைத்தது ஞாபகம் வந்தும் உன்னைப் போகவிட்டேன். இந்த மூன்றையும் மச்சினனிடமும் கூட்டுகிற அம்மாவிடமும் அவன் சொல்ல வேண்டும். அது அவன் பட்ட கடன். இன்னும் கொடுக்கவில்லை.